'ப்ரீச்' என்ற சொல்லின் வேரைத் தேடிப் போவது எப்படி

கன்வென்ஷன் கூட்டங்களில் ஆங்கிலப் பிரசங்கியாருக்குப் பக்கத்தில் நின்று, அவர் ஒரு வரி சொன்னதும் அதைத் தமிழில் சொல்வது என் வேலை. திருநெல்வேலிப் பக்கம். அப்பா உபதேசியாராக இருந்தவர் என்பதால் வேத வசனம் வாயில் தானாக வரும். ஆங்கிலம் நானாகப் படித்துச் சேர்த்தது. இந்த வேலையில் ஓயாமல் வரும் தொல்லை ஒன்று உண்டு. பேசிக்கொண்டே இருப்பவர் திடீரென்று ஒரு சொல்லைப் பிய்த்துக் காட்டுவார். "ப்ரீச் என்ற சொல்லுக்குள்ளே ரீச் இருக்கிறது, ஆகவே சென்று சேராத பேச்சு பிரசங்கமே இல்லை" என்பார். இன்னொருவர் அதே சொல்லில் 'ஈச்' இருப்பதைக் காட்டி, "ஒவ்வொருவருக்கும்" என்று விளக்கம் தருவார். ஆங்கிலம் தெரிந்தவர்கள் ரசிக்கிறார்கள். தமிழில் நான் என்ன செய்ய? பிரசங்கத்துக்குள் சங்கம் இருக்கிறது என்று வேண்டுமானால் சமாளிக்கலாம்.

அது எழுத்து விளையாட்டு. விளையாடட்டும், யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் கூட்டத்தில் இருப்பவர்கள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போய், அடுத்த ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் 'சொல்லின் பொருள்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்களுக்காகவும், மொழிபெயர்ப்புக்கு வரும் புதியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒரு ஆங்கிலச் சொல்லின் வேரை எப்படித் தேடுவது, எங்கே வழுக்கும், கிடைத்ததை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது. 'ப்ரீச்' என்ற ஒரே சொல்லை வைத்துக் காட்டுகிறேன். இதில் பழகிவிட்டால் மற்ற சொற்களுக்கும் இதே வழிதான்.

முதலில் இன்றைய பொருள்

வேரைத் தோண்டுவதற்கு முன்னால், இன்று அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 'ப்ரீச்' என்ற வினைக்கு மூன்று பயன்பாடுகள் போதும். ஒன்று, ஆலயத்திலோ கூட்டத்திலோ பிரசங்கம் செய்வது. இரண்டு, ஒரு கொள்கையை நாலு பேர் ஏற்கும்படி வலியுறுத்திச் சொல்வது: சிக்கனத்தை, பொறுமையை, அகிம்சையை. மூன்று, யாரும் கேட்காமலே புத்தி சொல்வது. மகன் அப்பாவைப் பார்த்து "ப்ரீச் பண்ணாதீங்க" என்று சொல்கிறானே, அந்த மூன்றாவது.

எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க, பின்னால் ஒட்டி வரும் குட்டிச் சொல்லைப் பாருங்கள். 'டு' வந்தால் பெரும்பாலும் கேட்பவர்களுக்குப் பிரசங்கம். 'ஆன்' வந்தால் எதைப் பற்றி என்பது. 'அகென்ஸ்ட்' வந்தால் கண்டனம். 'அட்' வந்தால் எச்சரிக்கையாக இருங்கள், அது ஒருவர் தலைமேல் புத்திமதியைக் கொட்டுவது. "ஹி ப்ரீச்சஸ் அட் மீ" என்பதை "எனக்குப் பிரசங்கம் செய்கிறார்" என்று சொன்னால் அர்த்தமே தலைகீழாகிவிடும். "எப்பப் பார்த்தாலும் எனக்குப் புத்தி சொல்லிக்கிட்டே இருக்கார்" என்பதுதான் சரி.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேர் தெரிந்த உற்சாகத்தில், இன்று யாரும் பயன்படுத்தாத பொருளைச் சொல்லின் 'உண்மையான பொருள்' என்று மேடையில் சொல்ல ஆசை வரும். இந்தத் தாள் கையில் இருந்தால் ஆசை கொஞ்சம் அடங்கும்.

கருவிகள்

காசு செலவழிக்க வேண்டியதில்லை. டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் தனி ஆளாகத் தொடங்கிய 'எட்டிமான்லைன்' இணையதளம் தொடக்கத்துக்குப் போதும். அதற்கு அடுத்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி. பழைய ஆங்கிலத்துக்கு பாஸ்வொர்த்-டாலர் அகராதி. லத்தீனுக்கு லூயிஸ்-ஷார்ட் அகராதி. எல்லாம் இணையத்தில் இலவசம். பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குச் சந்தா கட்ட வேண்டும், ஆனால் பெரிய கல்லூரி நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். 1884இல் முதல் பகுதி வெளியாகி 1928இல் முடிந்த வேலை அது. ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் புத்தகங்களைப் படித்து, எந்தச் சொல் எந்த ஆண்டில் எந்த வாக்கியத்தில் வந்தது என்று துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள். அதனால் அந்த அகராதியில் விளக்கத்தைவிட மேற்கோள்கள்தான் சொத்து.

தமிழ்ப் பக்கத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், ஃபப்ரீசியுஸ் அகராதி, 1862இல் வந்த வின்ஸ்லோ அகராதி. மூன்றையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் தேடலாம்.

ஒரு குறிப்பு: சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த வடிவம் எங்கும் எழுத்தில் கிடைக்கவில்லை, மொழியியலாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்து ஊகித்தது என்று பொருள். ஊகம் என்றால் அடித்துவிட்டது இல்லை. ஆனால் கல்வெட்டில் இருப்பதுபோலப் பேசவும் கூடாது.

ஒவ்வொரு நிறுத்தமாகப் பின்னால் போங்கள்

வேர் தேடுவது டவுன் பஸ்ஸில் போவதுபோல. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பஸ் ஏற வேண்டும். 'ப்ரீச்'சிலிருந்து நேராக லத்தீனுக்குத் தாவினால் நடுவே நடந்த எல்லாமே தப்பிப்போகும்.

முதல் நிறுத்தம் இடைக்கால ஆங்கிலம். மிச்சிகன் அகராதியில் இதன் தலைச்சொல் 'ப்ரெச்சென்'. ஏறக்குறைய 1200ஐ ஒட்டி எழுத்தில் வரத் தொடங்குகிறது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனை, கோர்ட், மேல்மட்டத் திருச்சபை எல்லாம் பிரெஞ்சு பேசின; அந்த வழியில் வந்த சொல் இது.

இரண்டாம் நிறுத்தம் பழைய பிரெஞ்சு: 'ப்ரெச்சியேர்'. இன்றைய பிரெஞ்சில் 'ப்ரெஷே'. மூன்றாவது லத்தீன்: 'ப்ரேடிகாரே'. இங்கேதான் பலருக்குச் சந்தேகம் வரும். 'ப்ரேடிகாரே' எப்படி ஐயா 'ப்ரீச்' ஆகும்? நடுவில் இருந்த 'டி' எங்கே? 'கா' எப்படி 'ச்' ஆச்சு?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் கிடைக்காமல் அடுத்த நிறுத்தத்துக்குப் போகவே கூடாது. லத்தீன் பிரெஞ்சாக மாறியபோது, இரண்டு உயிருக்கு நடுவே மாட்டிக்கொண்ட 'ட' மெலிந்து காணாமல் போனது. 'க'வுக்குப் பின்னால் அகரம் வந்தால் அந்தக் 'க' 'ச்' ஆனது. லத்தீனில் பாடுவது 'கன்டாரே', பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'சான்ட்' ஆனது இப்படித்தான்.

இன்னும் நல்ல சாட்சி வேண்டுமா? பத்திரிகையில் அடிக்கடி பார்க்கும் 'இம்பீச்' என்ற சொல்லை எடுங்கள், ஜனாதிபதியைப் பதவி நீக்க விசாரிப்பது. அதன் லத்தீன் வடிவம் 'இம்பெடிகாரே', காலில் விலங்கு மாட்டுவது. அதிலும் அதே 'டிகாரே', அதிலும் அதே 'டி' போய், 'கா' மாறி, கடைசியில் 'ஈச்'. ப்ரீச்சும் இம்பீச்சும் ஒரே அச்சில் தேய்ந்தவை. ஆனால் சொந்தக்காரர்கள் இல்லை: ஒன்றில் இருப்பது 'அறிவித்தல்', இன்னொன்றில் இருப்பது 'பெடிகா', கால் விலங்கு. ஒலி மாறும் விதம் ஒன்றாக இருக்கலாம், வேர் வேறாக இருக்கலாம். மேடையில் 'ஈச்' என்ற துண்டை வெட்டி எடுத்துப் பொருள் சொல்கிறவர்களுக்கு இந்த ஜோடியைக் காட்டிப் பாருங்கள்.

பக்கத்து மொழிகளையும் ஒரு பார்வை பாருங்கள். ஸ்பானிஷும் இத்தாலியும் 'ப்ரெடிகார்', 'ப்ரெடிகாரே' என்று 'டி'யை விடாமல் வைத்திருக்கின்றன. ஜெர்மனில் 'ப்ரேடிகென்'. போர்ச்சுகீசியத்தில் 'ப்ரெகார்', அங்கே 'டி' போய்விட்டது. டச்சில் குருவானவருக்கே 'ப்ரேடிகன்ட்' என்று பெயர். யாழ்ப்பாணம் டச்சுக்காரர் கையில் இருந்த காலத்தில் அங்கே ஊழியம் செய்த ஃபிலிப்புஸ் பால்டேயுஸ் ஒரு ப்ரேடிகன்ட்தான். இந்தக் கரையையும் இலங்கையையும் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகம் 1672இல் அச்சானது.

ஒரே சொல் இரண்டு தடவை வந்த கதை

பிரெஞ்சுக்காரர்கள் கொண்டு வருவதற்கு முன்பே இந்தச் சொல் ஒருமுறை இங்கிலாந்துக்கு வந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ப்ரெடிகியன்' என்று ஒரு வினை இருந்தது. திருச்சபை லத்தீனிலிருந்து துறவிகள் நேராக எடுத்தது. ஆனால் சொந்த மண்ணின் சொல் வேறு: 'பொடியன்'. நம் ஊர்ப் பொடியன் இல்லை, உதடு அதிர்ந்து வரும் ப. அறிவிப்பது, செய்தி சொல்வது என்று பொருள். நார்மன்கள் வந்த பிறகு பிரெஞ்சு வடிவம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 'பொடியன்' தேய்ந்து, 'போட்' என்ற வினையாக, நல்லதோ கெட்டதோ, சகுனம் சொல்லும் இடங்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த மாதிரி இடங்களில் அகராதியை மூடிவிட்டு வரலாற்றுப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். யார் ஆண்டார்கள், யார் ஆராதனை நடத்தினார்கள், எந்த மொழியில் நடத்தினார்கள் என்று தெரியாமல் சொல்லின் பயணம் புரியாது.

லத்தீனில் வழுக்கும் இடம்

இதுதான் நான் அதிகம் எச்சரிக்கும் இடம். மேடையில் பல தடவை கேட்டிருக்கிறேன்: "ப்ரே என்றால் முன்பு, டிகாரே என்றால் சொல்வது, ஆகவே ப்ரீச் என்றால் முன்கூட்டியே சொல்வது, அதாவது தீர்க்கதரிசனம்." கேட்க நன்றாக இருக்கிறது. தப்பு.

லத்தீனில் இரண்டு வினைகள் இருக்கின்றன. ஒன்று 'ப்ரேடிகாரே', 'டி' குறில். பகிரங்கமாக அறிவிப்பது. இன்னொன்று 'ப்ரேடீகெரே', 'டீ' நெடில். முன்கூட்டியே சொல்வது. இரண்டாவதிலிருந்துதான் 'ப்ரெடிக்ட்' வந்தது. முதலாவதிலிருந்து 'ப்ரீச்'. லூயிஸ்-ஷார்ட் அகராதியைத் திறந்தால் இன்னொரு குழப்பம் காத்திருக்கும். லத்தீன் அகராதிகள் வினையைத் தன்மை ஒருமையில், 'நான் செய்கிறேன்' என்ற வடிவத்தில், தலைச்சொல்லாகக் கொடுக்கும். அந்த வடிவத்தில் இரண்டுமே 'ப்ரேடிகோ' என்று ஒரே எழுத்துகளில் நிற்கும். குறிலா நெடிலா என்று காட்டும் சின்னக் கோடுதான் வித்தியாசம். அவசரத்தில் பார்த்தால் கண்ணில் படாது. குறில் நெடில் மாறினால் சொல்லே மாறிவிடும் என்பதைத் தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் ஆங்கில எழுத்தில் பார்க்கும்போது நாமும் மறந்துவிடுகிறோம்.

சரி, அப்படியானால் 'ப்ரே'? அதற்கு 'முன்' என்றுதான் பொருள், ஆனால் இங்கே இடத்தைக் குறிக்கிறது. காலத்தால் முன்பு இல்லை, ஆட்கள் முன்னால். ஜனங்கள் முன்னால் நின்று உரக்கச் சொல்வது. ரோமில் இந்த வினைக்குப் பக்தியோடு ஒரு சம்பந்தமும் இல்லை. அறிவிப்புச் செய்வது, ஒருவரை நாலு பேர் முன் புகழ்வது, பெருமையடிப்பது, எல்லாவற்றுக்கும் இதுவே.

பக்தி எங்கே ஏறியது? மொழிபெயர்ப்பில். இது எங்கள் தொழில் என்பதால் கொஞ்சம் பெருமை உண்டு. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'கேரூக்ஸ்' என்றால் அரசனின் கட்டியக்காரன், கேரூஸ்ஸோ என்பது அவன் செய்யும் வேலை. ஊர் நடுவில் நின்று அரசன் சொன்னதை அப்படியே அறிவிப்பான். தன் கருத்தைச் சேர்க்க மாட்டான். நம் ஊரில் தண்டோரா போட்டது மாதிரியான வேலை. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் லத்தீன் வேதாகமத்தைச் சீர்ப்படுத்தியபோது, மாற்கு 16:15இல் இந்த வினைக்கு நேராக 'ப்ரேடிகாரே' நிற்கிறது. அந்த வசனம் நமக்கு மனப்பாடம்: "நீங்கள் உலகமெங்கும் போய், சர்வ சிருஷ்டிக்கும் சுவிசேஷத்தைப் பிரசங்கியுங்கள்." ஆயிரம் ஆண்டு இந்த லத்தீனையே வாசித்த ஐரோப்பாவில், தெருவில் கூவுவதற்கு இருந்த சொல் ஆலயத்துக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டது. 14ஆம் நூற்றாண்டின் விக்ளிஃப் வேதாகமம் லத்தீனிலிருந்து வந்தது, அதில் 'ப்ரெச்சே' இருப்பதில் ஆச்சரியம் இல்லை. 1526இல் கிரேக்கத்திலிருந்தே நேராகப் பெயர்த்த டிண்டேலும் அதை மாற்றவில்லை. அதற்குள் வேறு சொல்லே தேவைப்படாத அளவுக்கு அது ஊறிப்போயிருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிரேக்கத்தில் அறிவிப்பதற்கு ஒரு வினை, நற்செய்தி சொல்வதற்கு ஒரு வினை, கலந்து பேசுவதற்கு ஒரு வினை என்று தனித்தனியாக இருந்தவை பல இடங்களில் 1611இன் ஆங்கில வேதாகமத்தில் ஒரே 'ப்ரீச்'சுக்குள் போய்விட்டன. அதனால் ஒரு வசனத்தில் 'ப்ரீச்' இருக்கிறது என்பதற்காக அங்கே கட்டியக்காரன் கதையைச் சொல்லிவிடாதீர்கள். அந்த வசனத்தின் கிரேக்கத்தில் எந்த வினை என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பைபிள் ஹப் போன்ற தளங்களில் வசனத்தைச் சொடுக்கினால் கிரேக்கச் சொல் வந்துவிடும்.

சொந்தக்காரர்களை விசாரியுங்கள்

வேர் கிடைத்ததும், அதே வேரில் பிறந்த மற்ற சொற்களைத் தேடுங்கள். இலக்கணத்தில் பயனிலைக்கு 'ப்ரெடிகேட்' என்கிறோம். எழுவாயைப் பற்றி எதை அறிவிக்கிறோமோ அது. இக்கட்டான நிலைக்கு 'ப்ரெடிகமென்ட்'. இது விசித்திரமான பயணம். அரிஸ்டாட்டிலின் தத்துவத்தில் பொருள்களை வகைப்படுத்தும் கிரேக்கச் சொல்லுக்கு லத்தீனில் கொடுத்த பெயர், பிறகு 'வகை', பிறகு 'நிலை', பிறகு 'மோசமான நிலை'.

இதற்கும் கீழே போனால் நட்சத்திரக் குறியோடு '*டெய்க்' என்று ஒரு இந்தோ-ஐரோப்பிய வேர் இருக்கும், அதாவது லத்தீன், ஆங்கிலம், சமஸ்கிருதம் எல்லாம் கிளைத்த மூலமொழியின் வேர். பொருள்: சுட்டிக்காட்டுவது. இங்கே இரண்டு பேர் நமக்காகக் காத்திருக்கிறார்கள்.

ஒருவர் 'டீச்'. ப்ரீச், டீச் இரண்டும் எதுகை போடுவது தற்செயல், ஆனால் உறவு தற்செயல் இல்லை. லத்தீனில் 'ட'வின் மென்மையான ஒலி இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் வன்மையான 'ட்' வரும். லத்தீனில் பத்து 'டெகெம்', ஆங்கிலத்தில் 'டென்', சமஸ்கிருதத்தில் 'தச'. லத்தீனில் பல் 'டென்ஸ்', ஆங்கிலத்தில் 'டூத்', சமஸ்கிருதத்தில் 'தந்த'. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், 'டீச்' என்பது ஆங்கிலத்தின் சொந்த வழியில், ஜெர்மானியக் கிளையில் வந்த '*டெய்க்'. 'ப்ரீச்' லத்தீனையும் பிரெஞ்சையும் சுற்றிக்கொண்டு வந்த '*டெய்க்'.

இன்னொருவர் சமஸ்கிருதக் கிளையில் 'திஶ்', சுட்டுவது. திசை அதிலிருந்து வருகிறது. உப என்ற முன்னொட்டு சேர்ந்து உபதேசம் வருகிறது. ஆக, என் அப்பாவுக்கு ஊரார் வைத்திருந்த உபதேசியார் என்ற பட்டமும், வெள்ளைக்காரப் பிரசங்கியாரின் 'ப்ரீச்சர்' என்ற பட்டமும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். மத்தேயு 4:23இல் இயேசு ஜெப ஆலயங்களில் "உபதேசித்து", ராஜ்யத்தின் சுவிசேஷத்தைப் "பிரசங்கித்து" என்று வருகிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் முதலில் டீச், அடுத்து ப்ரீச். இந்த வசனத்தின் இரண்டு தமிழ்ச் சொற்களில், அந்த ஆங்கிலச் சொற்களுக்கு வேரால் உறவானது உபதேசம் மட்டும்தான்.

பிரசங்கம்? அதுவும் 'ப்ர' என்று தொடங்குகிறதே என்று கேட்பீர்கள். முன்னொட்டு மட்டும் தூரத்துச் சொந்தம். உடம்பு வேறு. பிர-சங்கம், ஒட்டிக்கொள்வது, தொடர்பு, சந்தர்ப்பம் என்பது சமஸ்கிருதத்தில் அதன் பொருள். ஒரு சந்தர்ப்பத்தை ஒட்டி எழும் பேச்சு, அப்புறம் பேச்சே பிரசங்கம். தொடக்கத்தில் நான் கிண்டலாகச் சொன்ன 'சங்கம்' உள்ளே இருப்பது உண்மைதான், ஆனால் அது மகிளா சங்கத்தின் சங்கம் இல்லை. சொல்லின் முகத்தைப் பார்த்து உறவு சொல்லக்கூடாது. ஒலி மாறும் விதி ஒத்து வர வேண்டும், பொருளும் ஒத்து வர வேண்டும், இரண்டும் வந்தால்தான் உறவு.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

பிரசங்கத்துக்கே ஆங்கிலத்தில் இருக்கும் வேறு பெயர்களான 'செர்மன்', 'ஹோமிலி' இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் விடாதீர்கள். லத்தீனில் 'செர்மோ' என்றால் சாதாரணப் பேச்சு, உரையாடல். ஹொராட்டியுஸ் என்ற ரோமக் கவிஞர் தன் கிண்டல் கவிதைகளுக்கே 'செர்மோனெஸ்' என்று பெயர் வைத்தார். பீடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. கோப்பது, தொடுப்பது என்று பொருள்படும் வினையோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள், வார்த்தைகளைக் கோப்பது. 'ஹோமிலியா' கிரேக்கம், 'ஹோமிலோஸ்' என்றால் கூட்டம், கூடியிருந்து பேசுவது ஹோமிலியா.

அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில் இது அழகாக வருகிறது. பவுல் நடுராத்திரி வரை பேசுகிறார். ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி, மூன்றாம் மெத்தையிலிருந்து விழுகிறான். தமிழிலும் 1611 ஆங்கிலத்திலும் அங்கே 'பிரசங்கம்', 'ப்ரீச்சிங்' என்று இருக்கிறது. கிரேக்கத்தில் கலந்து பேசுவதற்கான வினை. பையன் பிழைத்த பிறகு பவுல் விடியும்வரை பேசினார் என்ற இடத்தில்தான் ஹோமிலியாவின் வினை வருகிறது. நீண்ட பிரசங்கத்தில் தூங்குகிறவர்களுக்கு வேதத்திலேயே ஆதாரம் இருக்கிறது என்பதை எங்கள் சபையில் யாரும் விரும்பிக் கேட்பதில்லை.

பிரசங்க பீடத்தைச் சொல்லும் 'புல்பிட்' பற்றி ஒரு வரி போதும். லத்தீனில் அது நாடக நடிகர் ஏறும் மேடை.

எப்போது கசந்தது

ஒரு சொல்லுக்குக் கெட்ட பொருள் ஏறியிருந்தால், அது எப்போது, யாரால் என்று மேற்கோள்களில் தேடுங்கள். 13ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லுக்கு எவ்வளவு கௌரவம் என்றால், டொமினிக்கன் துறவியரின் முறையான பெயரே 'பிரசங்கிகள் சபை'. 1216இல் போப் மூன்றாம் ஹொனோரியுஸ் அங்கீகாரம் கொடுத்தார். இன்றும் அவர்கள் பெயருக்குப் பின்னால் 'ஓ.பி.' என்று இருப்பது அதன் சுருக்கம். அதே நூற்றாண்டு முடிந்து அடுத்தது முடிவதற்குள் ஆங்கிலக் கவிஞர் சாஸர் தன் கான்டர்பரிக் கதைகளில் ஒரு பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரியைக் கொண்டு வருகிறார். பேராசை கூடாது என்று பிரசங்கம் செய்வதே தன் பேராசைக்காகத்தான் என்று அவனே வெட்கமில்லாமல் சொல்கிறான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ப்ரீச்சி' என்ற பெயரடை வருகிறது, போதனை நெடி அடிக்கும் பேச்சு. 17ஆம் நூற்றாண்டிலேயே பிரசங்கம் செய்வதைச் சொல்லும் 'செர்மனைஸ்' வந்துவிட்டது, அதுவும் பெரும்பாலும் எரிச்சலோடுதான்.

தமிழிலும் இதே கதைதான். அதிகப்பிரசங்கி என்று திட்டுகிறோமே, அவன் பிரசங்க மேடை ஏறினதே இல்லை. வாய் நீளம், அவ்வளவுதான். ஊருக்குத்தான் உபதேசம் என்கிறோம்.

ஆனால் தமிழில் பிரசங்கம் கிறிஸ்தவர்கள் சொத்து என்று எண்ணிவிடாதீர்கள். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், அந்தப் பேச்சு முறையை நன்றாகக் கவனித்துக்கொண்டு, 1847 டிசம்பர் 31ஆம் தேதி யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். கிழமைதோறும் நடந்தது. மிஷனரியின் முறையை எடுத்து மிஷனரிக்கே எதிராகத் திருப்பிய கெட்டிக்காரத்தனம். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை, மரியாதைதான்.

கிடைத்ததை எங்கே பயன்படுத்துவது

இவ்வளவையும் தோண்டிவிட்டு, மொழிபெயர்க்கும்போது வேரை மறந்துவிடுங்கள். கேட்பவர் யார் என்று பாருங்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் பிரசங்கம், அருளுரை. கத்தோலிக்கருக்கு மறையுரை. பெந்தெகொஸ்தே கூட்டங்களில் "பாஸ்டர் செய்தி கொடுப்பார்" என்றால்தான் காதில் ஏறும். பள்ளிவாசல் சூழலில் பயான், வெள்ளிக்கிழமையில் குத்பா. பெருமாள் கோயிலில் உபன்யாசம். ஒரே ஆங்கில 'ப்ரீச்'சுக்கு இத்தனை வாசல். தவறான வாசலில் நுழைந்தால் முதல் வரியிலேயே அந்நியன் ஆகிவிடுவீர்கள்.

மரபுத்தொடர்களை வேரோடு பிடுங்கி நடாதீர்கள். "ப்ரீச்சிங் டு தி கொயர்" என்று அமெரிக்கர் சொன்னால், பாடகர் குழுவுக்குப் பிரசங்கம் என்று பெயர்க்காதீர்கள். எங்கள் பாடகர் குழு அதைக் கேட்டு நிமிர்ந்து உட்காரும். ஏற்கெனவே ஒத்துக்கொண்டவனையே ஒத்துக்கொள்ளச் சொல்வது என்று விரித்துவிடலாம். நேரம் இல்லையென்றால் கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்று சொல்லிவிட்டு நகர்கிறேன். முழுப் பொருத்தம் இல்லை, ஆனால் சிரிப்பு சரியான இடத்தில் வருகிறது. "ப்ராக்டிஸ் வாட் யூ ப்ரீச்" வந்தால் எதையும் தேட வேண்டாம், ஊருக்குத்தான் உபதேசமா என்று திருப்பிக் கேட்டால் போதும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சபைகளில், பிரசங்கம் சூடு பிடிக்கும்போது கூட்டத்திலிருந்து "ப்ரீச்!" என்று குரல் எழும்பும். இன்று வலைத்தளங்களில் யாராவது மனதுக்குப் பிடித்ததைச் சொன்னால் கீழே அதே ஒற்றைச் சொல்லைப் போடுகிறார்கள். கட்டளை வடிவில் இருக்கிறது என்பதற்காக "பிரசங்கி!" என்று பெயர்த்தால் சங்கீதத்துக்கு அடுத்து, நீதிமொழிகளையும் தாண்டி, பழைய ஏற்பாட்டின் அந்தப் புத்தகத்தைத் திறக்கச் சொல்கிறார் என்று ஜனங்கள் வேதாகமத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நான் "சொல்லுங்க ஐயா, அப்படிச் சொல்லுங்க!" என்று வைத்துக்கொள்கிறேன்.